தொலைக்காட்சி இனிப் பார்க்கத்தக்கதா? – ஈழத்துத் தமிழ்ப் பார்வையாளர் நோக்கில் ஒரு விமர்சனம்

தொலைக்காட்சி பார்க்கத்தக்கதா என்ற வினா புதியதன்று. 1961ஆம் ஆண்டு மே மாதத்தில் ஐக்கிய அமெரிக்காவின் தொடர்பாடல் ஆணைக்குழுத் தலைவராயிருந்த நியூற்றன் மினோ, ஒளிபரப்பாளர்களின் மாநாட்டிலேயே எழுந்து நின்று, அவர்களது நிலையங்களின் முன்னே ஒரு நாள் முழுவதும் அமர்ந்திருப்பவர் காணக்கூடியது பரந்ததொரு தரிசு நிலமே எனக் குற்றஞ்சாட்டினார். 1985இல் நீல் போஸ்ற்மன், அரசியல், சமயம், கல்வி ஆகிய பொதுக்கருமங்கள் யாவற்றையும் தொலைக்காட்சி கேளிக்கையாக்கிவிட்டது என நூலெழுதினார். 1996இல் பியர் போர்தியு பிரான்ஸிய தொலைக்காட்சியின் அவசரத்தையும் மேலோட்டத்தையும் சாடினார். இம்மூவரும் வேறுபட்ட சிந்தனைப் பின்னணி கொண்டவர்கள். எனினும் இவர்களிடையே ஒரு பொதுமை உண்டு. மூவரும் தத்தம் சமூகம் தன் மொழியில் தானே ஆக்கித் தானே பார்த்த தொலைக்காட்சியைப் பற்றியே பேசினர். தரிசாயினும் அது அவர்களது நிலம்.

எமது நிலைமை அத்தகையதன்று. இலங்கைத் தமிழரைப் பொறுத்தவரை, தொலைக்காட்சி இனிப் பார்க்கத்தக்கதா என வினவுமுன், அது என்றேனும் எம்மைப் பார்த்ததா என வினவுதல் அவசியமாகின்றது. எமது பல்கலைக்கழக வட்டாரங்களில் தொலைக்காட்சி பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், "அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்?" என்ற ஒரு வாக்கியத்துடன் அப்பேச்சு முடிந்துவிடுகின்றது. கைத்தொலைபேசியும் இணையமும் வந்தபின் இவ்வாக்கியம் மேலும் வலுப்பெற்றுள்ளது. ஒரு சாதனத்தைப் பார்க்காமலிருப்பது தனிமனித ஒழுக்கமாகலாம். ஆனால் அது விமர்சனமாகாது. பார்க்காதவன் அதனைப் பற்றித் தீர்ப்புக் கூறவும் முடியாது. பார்ப்பவர்க்கு உதவவும் முடியாது. ஆகவே, இந்நாட்டில் இச்சாதனம் வந்தடைந்த வரலாற்றையும், அது எமக்குத் தந்தவற்றையும் தராதவற்றையும், அதன் இன்றைய நிலையையும் ஒருசேர நோக்கி ஒரு முடிவுக்கு வர முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. வந்த காலமும் வந்த முறையும்

இலங்கையில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1979 ஏப்பிரலில் சுயாதீனத் தொலைக்காட்சிச் சேவையுடன் ஆரம்பமாகியது. தனியார் முயற்சியாகத் தோன்றிய அந்நிறுவனத்தை அதே ஆண்டு யூன் மாதத்தில் அரசாங்கம் தன்வசப்படுத்திக் கொண்டது. யப்பானிய உதவியுடன் அமைக்கப்பட்ட ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15ஆந் திகதி நாடளாவிய ஒளிபரப்பைத் தொடங்கியது. அவ்வாண்டின் 6ஆம் இலக்கச் சட்டம் அதனைக் கூட்டுத்தாபனமாக்கியது. 1977இன் பின் நாட்டிற் புகுத்தப்பட்ட திறந்த பொருளாதாரக் கொள்கையின் விளைவாக இறக்குமதிக் கதவுகள் திறந்துவிடப்பட்ட காலம் அது. தொலைக்காட்சிப் பெட்டியும் அதிலே விளம்பரப்படுத்தப்பட்ட பொருள்களும் ஒரே கப்பலில் வந்தன எனலாம்.

இத்திகதிகளைத் தமிழ்ச் சமூகத்தின் திகதிகளோடு பொருத்திப் பார்த்தல் வேண்டும். யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டது 1981 யூன் தொடக்கத்தில். ரூபவாஹினி வந்தது 1982இல். இனக்கலவரம் 1983 யூலையில். ஆக, ஏனைய சமூகங்களில் தொலைக்காட்சி ஒரு குடும்பப் பழக்கமாக வேர்கொள்ள எடுத்துக்கொண்ட ஆண்டுகளில், எமது சமூகத்திலே குடும்பங்களே இடம்பெயர்ந்து கொண்டிருந்தன. ரூபவாஹினியின் வடபுல அஞ்சல் நிலையம் அமைந்திருந்த கொக்காவில், பின்னர் இராணுவ முகாமாயிற்று. 1990 யூலையில் அம்முகாம் வீழ்ந்தது. அங்கே 174 மீற்றர் உயரமான புதிய கோபுரம் திறந்துவைக்கப்பட்டது 2011 யூன் மாதத்திலாகும். இடைப்பட்ட இரு தசாப்தங்களில், குடாநாட்டில் மின்சாரமற்ற நீண்ட காலமொன்று இருந்தது. ஈருருளியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட மக்கள் அவர்கள். வாடகைக்கு எடுத்த பெட்டியையும் மின்பிறப்பாக்கியையும் முற்றத்தில் வைத்து, ஊரே கூடி விடியும்வரை திரைப்படம் பார்த்த வழக்கமும் அக்காலத்ததே. தொலைக்காட்சிப் பெட்டி அங்கே ஒளிபரப்பைப் பெறும் கருவியாகவன்றி, ஒளிநாடாவைக் காட்டும் சிறிய சினிமாவாகவே பயன்பட்டது.

மற்றொரு முரணும் குறிப்பிடத்தக்கது. ஒருகாலத்தில் இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவைக்குத் தமிழகத்திலே பெருந்தொகையான நேயர் இருந்தனர். 1980களின் முற்பகுதியில், தூரதர்ஷனின் அலைகள் எட்டாத தமிழகத் தென்மாவட்டங்களிலே, உயர்ந்த அன்ரெனாக்களை நாட்டி ரூபவாஹினியைப் பார்த்தவர்களும் இருந்தனர். அலை இங்கிருந்து அங்கு சென்ற காலம் அது. 1993 ஏப்பிரலில் சன் தொலைக்காட்சி தோன்றியபின் இத்திசை முற்றாக மாறியது. செய்மதி வழியே அங்கிருந்து இங்கு பாயும் ஓட்டத்துக்கு நாம் வெறும் பெறுநராயினோம். கேட்கப்பட்டவர்களாயிருந்த நாம் பார்ப்பவர்களாக மட்டும் மாறிய வரலாறே ஈழத்துத் தமிழ்த் தொலைக்காட்சியின் வரலாறு என்று கூறுவது மிகையன்று.

2. அருகிலே நிகழ்ந்தது

இத்தாழ்வுக்கு யுத்தம் ஒன்றே காரணமெனக் கூறித் தப்பிவிட முடியாது. இதே நாட்டிலே, இதே நிறுவனங்களுக்குள்ளே, சிங்கள மொழியில் நிகழ்ந்ததை நோக்கினால் இது புலனாகும்.

லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ' (1956) திரைப்படத்தின் படத்தொகுப்பாளராயிருந்தவர் டைற்றஸ் தொட்டவத்த. அவர் ரூபவாஹினியில் மொழிமாற்றுப் பிரிவைக் கட்டியெழுப்பினார். அயல்நாட்டுச் சிறுவர் சித்திரங்களை அவர் சிங்களத்துக்குக் கொண்டுவந்தபோது, மூலத்தின் சொல்லை மாத்திரம் மாற்றவில்லை. கிராமத்துப் பேச்சு, நையாண்டி, பாட்டு, பழமொழி ஆகியவற்றை அப்பாத்திரங்களின் வாயில் வைத்தார். அமெரிக்க முயலொன்று சிங்களக் கிராமத்துக் குறும்பனாக மாறியது. யப்பானிய தொடரான 'ஒஷின்', வறுமைப்பட்ட கிராமியச் சிறுமியொருத்தியின் வாழ்க்கைப் போராட்டமாகையால், சிங்கள இல்லங்களிலே தம்மவள் கதையாக ஏற்கப்பட்டது. அந்நியப் பண்டத்தை அந்நியமாகவே விற்பதற்கும், அதனைத் தன் மொழியின் உயிர்ப்புக்குள் செரித்துக்கொள்வதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை இங்கே காணலாம். கம்பனைப் பயிலும் எமக்கு இவ்வேறுபாடு புரியாததன்று.

சிங்களத் தொலைக்காட்சி நாடகமும் அவ்வாறே வளர்ந்தது. டி. பி. நிஹால்சிங்க, தர்மசேன பத்திராஜ முதலாய தேர்ந்த திரைப்பட நெறியாளர்கள் அத்துறைக்குள் வந்தனர். இவர்களுள் பத்திராஜ எமக்கு அந்நியரல்லர். யாழ்ப்பாணத்தில் விரிவுரையாளராயிருந்தவர், 1977இல் 'பொன்மணி' என்ற தமிழ்த் திரைப்படத்தை நெறிப்படுத்தியவர். அவரே பின்னர் 'எல்ல லங்க வலவ்வ', 'கடுல்ல' ஆகிய சிங்களத் தொலைக்காட்சி நாடகங்களை ஆக்கினார். யாழ்ப்பாணத்துச் சாதி, சீதனப் பிரச்சினைகளைத் திரையில் காட்டத் துணிந்த கலைஞனுக்குத் தொலைக்காட்சி தளம் தந்தது. ஆனால் அத்தளம் தமிழில் இருக்கவில்லை. திறமை இன்மையன்று, நிறுவன ஆதரவின்மையே எமது குறை என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

எம்மிடம் எழுத்தும் நடிப்பும் இல்லாமலில்லை. இலங்கை வானொலியின் தமிழ் நாடகப் பாரம்பரியம் வளமானது. 'லண்டன் கந்தையா'வும் 'தணியாத தாக'மும் மக்கள் நினைவில் இன்றும் நிலைப்பவை. வானொலியில் 'கோமாளிகள் கும்மாளம்' பெற்ற வெற்றியே 1976இல் 'கோமாளிகள்' என்ற திரைப்படமாயிற்று. செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' நாவல் 1978இல் திரைக்கு வந்தது. மன்னாரின் உப்பங்காற்று, மட்டக்களப்பின் வாவிக்கரை, மலையகத்தின் லயம், குடாநாட்டின் வேலி ஆகியவை தத்தம் பேச்சுவழக்கோடு வானொலியிலும் சிறுகதையிலும் இடம்பிடித்திருந்தன. அவற்றைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுசெல்லும் பாலம் மட்டுமே கட்டப்படவில்லை. அரச அலைவரிசைகளில் தமிழுக்கு ஒதுக்கப்பட்டது சில மணித்தியாலங்கள். அந்த மணித்தியாலங்களுக்கு ஒதுக்கப்பட்ட பணமோ அதனினும் சிறிது. 1987இல் தமிழும் அரசகரும மொழியாக அரசியலமைப்பில் ஏற்கப்பட்டது. ஆயினும் சட்டப்புத்தகத்தில் கிடைத்த சமத்துவம் கலையகத்தில் கிடைக்கவில்லை.

3. தொடரின் உருவமும் உள்ளடக்கமும்

1998இல் சக்தி தொலைக்காட்சியும் 2009இல் வசந்தம் தொலைக்காட்சியும் தோன்றின. முழுநேரத் தமிழ் அலைவரிசைகள் கிடைத்தமை ஒரு முன்னேற்றமே. எனினும், நாள் முழுவதையும் நிரப்பவேண்டிய அலைவரிசைக்குச் சொந்த ஆக்கம் போதாதபோது, மலிவாகக் கிடைக்கும் தமிழகத் தொடர்களே அவ்விடத்தை நிரப்பின. செய்மதித் தட்டு கூரைதோறும் ஏறியபின், இலங்கை அலைவரிசையின் தேவைகூட இல்லாதுபோயிற்று. 2006இல் இறக்குமதித் தொடர்கள்மீது அரசாங்கம் வரி விதித்தது. உள்நாட்டுக் கலையைக் காத்தலே அதன் நோக்கமாகக் கூறப்பட்டது. ஆனால் வேலி கட்டுவது வேறு, பயிர் செய்வது வேறு. 1970களில் தமிழகச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது ஈழத்துச் சஞ்சிகைகள் தழைத்தன என்றால், அதற்கு முன்னரே இங்கே எழுத்தாளரும் வாசகரும் விமர்சகரும் கொண்ட ஓர் இயக்கம் இருந்தது. தமிழ்த் தொலைக்காட்சியில் அத்தகைய இயக்கம் இருக்கவில்லை.

இத்தொடர்களைப் பற்றி எம்மவர் சாதாரணமாகக் கூறும் குறை, அவை நீளமானவை என்பதாகும். 'கோலங்கள்' 2003 முதல் 2009 வரை 1533 அங்கங்களாக ஓடியது. ஆனால் நீளம் மாத்திரம் குற்றமாகாது. எமது கூத்து விடியவிடிய ஆடப்படுவது. மகாபாரதமும் நீண்டதே. கூத்துக்கும் தொடருக்கும் உள்ள வேறுபாடு நீளத்திலன்று, முடிவிலேயே உளது. கூத்திலே வரவு உண்டு, தர்க்கம் உண்டு, போர் உண்டு. விடியற்பொழுதில் மங்களம் உண்டு. முடிவு வரும் என்பதை அறிந்தே அவையோர் அமர்ந்திருக்கின்றனர். அம்முடிவை நோக்கியே ஒவ்வொரு தருவும் நகர்கின்றது. தொடருக்கோ முடிவு என்பது இழப்பு. விளம்பரதாரர் இருக்கும்வரை கதை முடிதலாகாது. ஆகவே முரண்பாட்டைத் தீர்ப்பதன்று, தீராது பேணுவதே எழுதுபவரின் தொழிலாகின்றது. ஒரு சொல்லைக் கேட்ட நால்வரின் முகங்கள் இசையதிர்வுடன் மாறிமாறிக் காட்டப்படுவது கலைக்குறைபாடு போலத் தோன்றினும், உண்மையில் அது பொருளாதார உத்தியேயாகும். நேரத்தை நிரப்புதற்கு அதனிலும் மலிவான வழி வேறில்லை.

உருவத்தை இவ்வாறு நிர்ணயிக்கும் அதே சக்தி உள்ளடக்கத்தையும் நிர்ணயிக்கின்றது. இத்தொடர்களின் உலகம் ஒரு வீடு. அவ்வீட்டின் பிரச்சினை சொத்து. அச்சொத்துக்காகச் சூழ்ச்சி செய்பவளும் பெண், அதனால் துன்புறுபவளும் பெண். அச்சொத்து எவ்வாறு வந்தது, யாருடைய உழைப்பால் வந்தது என்ற வினாக்கள் எழுவதில்லை. சம்பளம், காணி, கடன், வேலையின்மை ஆகியன கதைக்குப் புறம்பானவை. நாட்சம்பள உயர்வுக்குப் போராடிய தோட்டத் தொழிலாளப் பெண், மாலையில் லயத்து அறையில் அமர்ந்து, மாளிகையொன்றின் மருமகள் சிந்தும் கண்ணீரைப் பார்த்துத் தானும் கண்ணீர் சிந்துகிறாள். காணாமலாக்கப்பட்ட மகனைத் தேடும் தாய், திரையிலே காண்பது தொலைந்த நகையைத் தேடும் மாமியாரை. இங்கே அத்தாயையோ தொழிலாளியையோ குறைகூறுவது நியாயமன்று. களைத்த உடலுக்கு அரைமணி நேர மறதி தேவைப்படுகின்றது. அவர்களது துயரத்தையே பொருளாகக் கொண்ட நாடகமொன்றை அதே நேரத்தில், அதே பெட்டியில், அவர்கள் பேசும் தமிழில், நாம் அவர்களுக்கு வழங்கியதுண்டா என்பதே கேள்வி.

மொழி பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். தன் பேச்சுவழக்கைத் திரையிலே என்றும் கேளாத குழந்தை, அவ்வழக்கு வீட்டுக்கு மட்டும் உரியது, வெளியுலகுக்கு உதவாதது என்ற எண்ணத்துடன் வளர்கின்றது. ஈழத்துப் பேச்சுமொழி தமிழகத் திரையில் தோன்றும்போது பெரும்பாலும் நகைச்சுவைக்கே தோன்றுகின்றது. எமது சொந்த அலைவரிசைகளிலோ, நிகழ்ச்சித் தொகுப்பாளர் சென்னையின் உச்சரிப்பைப் பயின்று பேசுகின்றனர். ஒரு காலத்தில் தமிழகத்து நேயர் இலங்கை வானொலியின் தமிழைக் கேட்டு வியந்தனர் என்பதை நினைக்கையில், இழந்தது எவ்வளவு என்பது விளங்கும்.

4. அதிகாரம் அறிந்த உண்மை

இதுகாறும் கூறியவற்றால் தொலைக்காட்சியைக் கைவிட்டுவிடுவதே தக்கது என்ற முடிவு எழக்கூடும். அம்முடிவுக்கு எதிராகச் சில நிகழ்ச்சிகளை முன்வைத்தல் பொருத்தமானது.

2009 சனவரி 6ஆந் திகதி, தெபானமவிலுள்ள சிரச, சக்தி நிறுவனத்தின் கலையகம் ஆயுதக் கும்பலொன்றினால் தாக்கப்பட்டது. 2018 ஒக்ரோபர் 26ஆந் திகதி இரவு பிரதமர் பதவி திடீரென மாற்றப்பட்டபோது, அரச ஊடக நிறுவனங்களுள் ஆதரவாளர் புகுந்தனர். ரூபவாஹினியின் ஒளிபரப்பு தடைப்பட்டது. 2022 யூலை 13ஆந் திகதி, மக்கள் போராட்டத்தின் உச்சத்தில், போராட்டக்காரர் ரூபவாஹினி வளாகத்துள் நுழைந்தனர். அன்றும் ஒளிபரப்பு நின்றது. மூன்று நிகழ்ச்சிகளிலும் சம்பந்தப்பட்டோர் வேறு, நோக்கங்களும் வேறு, அவற்றைச் சமப்படுத்துதல் தவறு. ஆயினும் யாவரும் ஒரு விடயத்தை அறிந்திருந்தனர். முகநூல் பரவியிருந்த 2022இலும், அதிகாரத்தைப் பற்றியவரும் எதிர்த்தவரும் சென்றடைய விரும்பிய இடங்களுள் ஒன்று தொலைக்காட்சி நிலையமே. யாரும் பார்க்காத ஒன்றைக் கைப்பற்ற எவரும் முனைவதில்லை.

மற்றொரு நிகழ்ச்சி கல்வி சார்ந்தது. 2020 மார்ச்சில் கொவிட் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கற்பித்தல் இணையவழிக்கு மாறியது. நகரத்து மாணவனுக்கு அது இயலுமாயிற்று. அலைவரிசை தேடி மலையுச்சிக்கும் மரக்கிளைக்கும் ஏறிய கிராமத்து மாணவர்களைப் பற்றிய செய்திகள் அக்காலப் பத்திரிகைகளில் வந்தன. கைத்தொலைபேசி ஒன்றை மூன்று பிள்ளைகள் பங்கிட்ட வீடுகள் அநேகம். அந்நாள்களில் ரூபவாஹினியின் நேத்ரா அலைவரிசை தமிழ்மொழிமூலப் பாடங்களை ஒளிபரப்பியது. தொலைக்காட்சி வினாவுக்கு விடை கூறாது. மாணவனின் முகத்தைப் பாராது. எனினும் தரவுக்கட்டணம் கேளாது. ஏழையின் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் கருவி அது. பார்க்கத்தகுமா என்ற வினாவுக்கு வர்க்கமும் உண்டு என்பதை இது உணர்த்துகின்றது. வேறு வழி உள்ளவனே தொலைக்காட்சியைத் துறக்கிறான். துறவைப் பெருமையாகவும் கூறிக்கொள்கிறான்.

5. பெட்டி மாறியது, இயல்பு மாறவில்லை

கைத்தொலைபேசி வந்தபின் தொலைக்காட்சி இறந்துவிட்டது என்பது இன்று பரவலான கருத்து. இக்கருத்தை ஆராய்வதற்கு றேமண்ட் வில்லியம்ஸ் 1974இல் வெளியிட்ட தொலைக்காட்சி பற்றிய நூல் பெரிதும் துணைபுரிகின்றது. அமெரிக்கத் தொலைக்காட்சியைப் பார்த்த அவர், அங்கே தனித்தனி நிகழ்ச்சிகள் இல்லை, இடையறாத ஓர் ஓட்டமே உண்டு என அவதானித்தார். திரைப்படம், அதனிடையே விளம்பரம், அடுத்த நிகழ்ச்சியின் அறிவிப்பு யாவும் ஒன்றோடொன்று கலந்து, பார்ப்பவனை எழுந்திருக்கவிடாது தொடர்கின்றன. ஒரு நிகழ்ச்சியைப் பார்த்தோம் என்று கூறாது, தொலைக்காட்சி பார்த்தோம் என்று நாம் கூறுவதன் காரணமும் இதுவே.

இவ்விளக்கத்தை இன்றைய கைத்தொலைபேசித் திரையின்மேல் வைத்துப் பார்த்தால் அது அன்றைய பெட்டியைவிட இன்றைய திரைக்கே கூடுதலாகப் பொருந்துவதைக் காணலாம். யூரியூப்பில் ஒன்று முடியுமுன் அடுத்தது தொடங்குகின்றது. விரலசைவில் குறுங்காணொளிகள் வரிசையாக வருகின்றன. ஆகவே தொலைக்காட்சி இறக்கவில்லை. அதன் ஓட்டம் கூடத்திலிருந்து உள்ளங்கைக்கு இடம்பெயர்ந்துள்ளது. பெட்டியைத் துறந்தேன் என்று கூறும் மாணவன், பெட்டியின் இயல்பைத் தன்னுடன் எடுத்துச் செல்கிறான்.

வேறுபாடு இன்னோரிடத்தில் உளது. பழைய ஓட்டம் யாவர்க்கும் ஒன்றாயிருந்தது. புதிய ஓட்டம் ஒவ்வொருவர்க்கும் வேறானது. நேற்றிரவு ஒளிபரப்பான நாடகத்தைப் பற்றி மறுநாள் கிணற்றடியிலும் பேருந்திலும் பேச முடிந்தது. பாட்டியும் பேரனும் ஒரே காட்சியைப் பார்த்து முரண்பட முடிந்தது. பொதுவில் பார்த்த ஒன்றைப் பற்றியே பொதுவில் விவாதிக்க முடியும். பொதுவில் விவாதிப்பதிலிருந்தே பொதுசன அபிப்பிராயம் பிறக்கின்றது. இன்று ஒரே வீட்டில் நால்வர் நான்கு உலகங்களில் அமர்ந்திருக்கின்றனர். போரினாலும் புலம்பெயர்வினாலும் சிதறிய ஒரு சமூகத்துக்கு இப்புதிய சிதறல் சிறிய விடயமன்று.

இணையத்தில் ஈழத்து இளைஞர்கள் தம் சொந்த வழக்கில், சொந்தச் செலவில், குறும்படங்கள் ஆக்குகின்றனர். ஆகவே தொலைக்காட்சி எதற்கு எனச் சிலர் கேட்பர். அம்முயற்சிகள் போற்றத்தக்கவை. தொலைக்காட்சி தராத தளத்தை அவர்கள் தாமே உண்டாக்கிக் கொண்டனர். ஆனால் ஒரு சமூகத்தின் நாடகக்கலை இளைஞரின் கைப்பணத்திலும் ஓய்வுநேரத்திலும் மட்டும் தங்கியிருத்தல் முறையா? அரச தொலைக்காட்சி மக்களுக்குரிய பொதுநிறுவனம். 1997இல் ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலம் பற்றி ஆராய்ந்த உயர் நீதிமன்றம், அலைவரிசைகள் பொதுச்சொத்து என்றும், அரசாங்கம் அவற்றின் பொறுப்பாளி மாத்திரமே என்றும் கருதியது. பொதுச்சொத்தில் எமக்கும் பங்குண்டு. யூரியூப் நிறுவனத்திடம் எம்மால் உரிமை கோர முடியாது. ரூபவாஹினியிடம் கோர முடியும். தொலைக்காட்சி பயனற்றதெனக் கூறி நாம் எழுந்து செல்லும்போது, கோரிப்பெறக்கூடிய உரிமையொன்றையும் அங்கேயே விட்டுச் செல்கிறோம் என்பது மனங்கொள்ளத்தக்கது.

6. விமர்சனமின்மை

ஈழத்துத் தமிழிலக்கியம் தனக்கெனத் தனித்துவமான முகமொன்றைப் பெற்றமைக்கு விமர்சனம் ஆற்றிய பங்கு யாவரும் அறிந்ததே. க. கைலாசபதி 1959 முதல் 1961 வரை 'தினகரன்' ஆசிரியராயிருந்தார். நாளிதழ் என்பது அக்காலத்தின் வெகுசனச் சாதனம். அதனை அவர் இழிவானதென ஒதுக்கவில்லை. உள்ளே சென்று, மண்வாசனையும் யதார்த்தமும் கொண்ட எழுத்துக்கு அதன் பக்கங்களைத் திறந்துவிட்டார். சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலிய கூத்துக்களை மேடையேற்றினார். படித்தவர் நாட்டார் பொழுதுபோக்கெனக் கருதிப் பாராதிருந்த கலை அது. மட்டக்களப்பு அண்ணாவியாரின் காலடியில் பல்கலைக்கழக மாணவர் பயின்றதன் விளைவாக, பார்க்கத்தகாதது எனப்பட்டது தேசிய கலைவடிவமாகப் போற்றப்பட்டது. கா. சிவத்தம்பி தமிழ்ச் சினிமாவை அரசியற் தொடர்பாடற் சாதனமாகக் கொண்டு ஆய்ந்து 1981இல் எழுதினார். கல்வியுலகம் முகஞ்சுழித்த சினிமாவை ஆய்வுப்பொருளாக்கிய முயற்சி அது.

இம்மூவரும் பின்பற்றிய முறை ஒன்றே. மக்கள் பார்ப்பதை அவர்கள் பார்த்தனர், பார்த்தபின் வினவினர், வினவியபின் மாற்ற முயன்றனர். தொலைக்காட்சி விடயத்தில் இம்மரபு தொடரவில்லை. ரூபவாஹினி தொடங்கிய அதே 1982ஆம் ஆண்டின் இறுதியில் கைலாசபதி மறைந்தார் என்பது தற்செயலே. எனினும், எமது விமர்சன மரபு தொலைக்காட்சியின் வாசலில் நின்றுவிட்டதை அத்தற்செயல் குறியீடாகக் காட்டுகின்றது. நாவலுக்கு விமர்சனம் உண்டு, கவிதைக்கு உண்டு, அரங்குக்கு உண்டு, சினிமாவுக்கும் உண்டு. நாற்பதாண்டுகளுக்கு மேலாக எமது வீடுகளில் நாள்தோறும் ஒலித்த சாதனத்துக்குத் தமிழிலே முறையான விமர்சனம் உருவாகவில்லை. விமர்சனம் இல்லாத துறையிலே நல்லதைச் செய்தவனுக்குப் பாராட்டும் இல்லை, தீயதைச் செய்தவனுக்குக் கூச்சமும் இல்லை. எஞ்சுவது விளம்பரதாரரின் கணக்கு மாத்திரமே.

முடிவுரை

தொலைக்காட்சி இனிப் பார்க்கத்தக்கதா? பழக்கத்தின் பொருட்டும், பொழுதைக் கொல்லுதற்பொருட்டும் அதன் ஓட்டத்துள் அமிழ்ந்திருத்தல் தகாது. அவ்வாறு அமிழ்ந்திருப்பது பெட்டியிலாயினும் கைத்தொலைபேசியிலாயினும் ஒன்றே. ஆனால் தெரிந்தெடுத்துப் பார்த்தல், பார்த்ததைப் பலரோடு விவாதித்தல், விவாதித்ததை எழுதுதல் என்ற பொருளில் அது பார்க்கத்தக்கது மாத்திரமன்று, பார்க்கவேண்டியதுமாகும். எமது பெற்றோரும் உழைக்கும் மக்களும் உலகைக் காணும் சாளரம் இன்றும் அதுவே. அச்சாளரத்தின் ஊடாக அவர்களுக்கு எது காட்டப்படுகின்றது என்பதை அறியாத கல்வியாளன், அவர்களைப் பற்றி எழுதும் ஆய்வுகள் எத்துணைப் பெறுமதியுடையன?

இதன்பொருட்டுப் பல்கலைக்கழகம் செய்யக்கூடியவை பெருஞ்செலவு வேண்டுவனவல்ல. தமிழ்த்துறைகளின் விமர்சனப் பாடத்திட்டத்தில் தொலைக்காட்சி நாடகத்துக்கும் செய்தி அறிக்கைக்கும் இடமளிக்கலாம். அரச அலைவரிசைகளில் தமிழுக்கு ஒதுக்கப்படும் நேரத்தையும், அதில் உள்நாட்டு ஆக்கம் பெறும் பங்கையும் மாணவர் ஆண்டுதோறும் கணக்கெடுத்து வெளியிடலாம். வானொலி நாடகங்கள், பழைய தமிழ் நிகழ்ச்சிகள் ஆகியவற்றின் பதிவுகள் எஞ்சியுள்ளவரை தேடிப் பேணலாம். தமிழ்ச் சங்கத்தின் கருத்தரங்குகளில் ஒரு நாளையேனும் மக்கள் மாலைதோறும் பார்க்கும் ஒன்றுக்கு ஒதுக்கலாம்.

கூத்தைப் பார்க்கத்தக்கதாக்கியவர்கள் அது தானாகத் திருந்தும்வரை காத்திருக்கவில்லை. அவர்கள் களரிக்குச் சென்றார்கள், விடியும்வரை அமர்ந்திருந்தார்கள். தொலைக்காட்சியின் தரிசைப் பற்றி அலுத்துக்கொள்ளும் உரிமை எமக்கும் உண்டு. ஆனால் ஒருமுறையேனும் ஏர் பூட்டிய பின்னரே அவ்வுரிமையைப் பயன்படுத்துதல் நேர்மையாகும்.